கீழ்க்கூடத்தில் கொடுத்த வாக்கு

ஜூன் 12, வியாழன்

தங்கைக்கு,

நம் சங்கம் ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கை நேற்றைய கூட்டத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது. முப்பத்தோரு பேர் கை தூக்கிக் கொடுத்த வாக்கு அது. நீ தலைவி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை ரத்து செய்தாய். அதோடு விடவில்லை. பத்தொன்பது வருடமாக நான் எழுதி வரும் வார மடலில் ஜூன் 4 விருந்தினர் உரை 'தவறுதலாக வெளியாகிவிட்டது' என்று அடுத்த மடலில் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். என்ன தவறு என்று எழுந்து கேட்டேன். மணி அடித்தாய். விருந்தினர் இருபது நிமிடம் தாண்டினால் அடிக்கிற மணியை அண்ணனுக்கு அடித்தாய். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ ஐந்து தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது. நாலு தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குத் தபால் என்று சிரிக்காதே. எழுதினால்தான் பின்னால் இல்லையென்று சொல்ல முடியாது.

ஜூன் 4 அன்று நடந்ததை எழுதுகிறேன். எங்கே தவறு என்று நீயே காட்டு.

மேல் கூடத்தில் மின்விசிறிகள் ஓடாததால் அன்றைக்கு நம்மைக் கீழ்க்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒரே பகலில் எல்லோருக்கும் போன் போட்டு நீ சொல்லிவிட்டாய். அதை நான் மெச்சினேன், இப்போதும் மெச்சுகிறேன். விருந்தினர் மூட்டு டாக்டர். ஆறே முக்காலுக்கு ஒருவர் வாசலில் வந்து நின்றார். கசங்கிய சட்டை, கையில் ஒரு துணிப்பை. மருந்துக்கடைக்காரர் உடனே மைக்கைப் பிடித்து அறிமுகக் குறிப்பை வாசித்தார். 'இருபத்தாறு வருடமாக நடக்க முடியாதவர்களுக்குத் துணை நிற்பவர், அவரால் எழுந்து நடமாடியவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர்.' அதைக் கேட்டு அந்த மனிதர் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன அடக்கம் என்று நினைத்தேன்.

மைக்குக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இவ்வளவு பேர் வருவீங்கன்னு நான் நினைக்கல." பிறகு தன் அண்ணனைப் பற்றிப் பேசினார். அண்ணன் சக்கர நாற்காலி ரிப்பேர் செய்பவர். குடிப்பார். குடித்தாலும் சொன்ன நாளுக்கு நாற்காலி தயாராக இருக்கும். போன மாதம் ஈரல் கெட்டு இறந்துவிட்டார். கொட்டகையில் பதினேழு நாற்காலிகள் பாதி வேலையில் நிற்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் பதினேழு பேரும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். "எனக்கு வண்டி ஓட்ட மட்டும்தான் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது" என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். மோட்டாரில் பேரிங் தேய்கிற மாதிரிதானே முழங்கால் மூட்டும் தேய்கிறது, எப்போது மாற்றுவது என்று. அவர் யோசிக்காமல் சொன்னார், "பேரிங் போச்சுன்னா மாத்திடணுங்க. எண்ணெய் விட்டு ஏமாத்தி ஓட்டக் கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனையோ டாக்டர்கள் நம் கூட்டத்துக்கு வந்து புரியாத வார்த்தைகளைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படித் தெளிவாகப் பேசிய டாக்டரை நான் பார்த்ததில்லை. நம் மடலை அச்சடிக்கும் அச்சக்காரரின் மனைவி மறுநாளே முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டாராம்.

பதினேழு நாற்காலிகளையும் சங்கம் சரிசெய்து கொடுக்கும் என்று நான்தான் தீர்மானம் சொன்னேன். கை எண்ணினேன். முப்பத்தொன்று. அதில் உன் கையும் ஒன்று.

டாக்டரின் அண்ணன் மெக்கானிக்காக இருக்கக் கூடாதா? நீ தலைமை நர்ஸாக இருந்தவள், உன் அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கவில்லையா?

பதில் எழுது.

உன் அண்ணன்


ஜூன் 14, சனி

அண்ணாவுக்கு,

புதன்கிழமை இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நீ நாற்காலியை இழுத்த சத்தத்தில் நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அவர் டாக்டர் இல்லை, அண்ணா.

டாக்டர் அன்றைக்கு மேல் கூடத்தில் இருந்தார். நாம் எப்போதும் கூடுகிற இடம் அதுதானே, நேராக அங்கே போய்விட்டார். அங்கே நாலு பேர் இருந்திருக்கிறார்கள். மைக் இருந்திருக்கிறது. கூட்டம் குறைவு என்று மனதுக்குள் சலித்துக்கொண்டே முழங்காலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். அந்த நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "ரொம்ப நல்லா பேசினீங்க. நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டாராம். "யாருக்கு?" என்றாராம் டாக்டர். அது அஞ்சலிக் கூட்டம். உன் பேச்சாளருடைய அண்ணனுக்கு.

இதெல்லாம் உன் மடல் சனிக்கிழமை இருநூறு வீடுகளுக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மடலில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு தடவை எடுத்துப் பார். மேலே கொட்டை எழுத்தில் டாக்டரின் பெயர், பட்டம், ஆஸ்பத்திரி. கீழே, 'தன் அண்ணன் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இறந்ததை மறைக்காமல் சொன்ன நேர்மை எல்லோரையும் நெகிழ வைத்தது.' டாக்டரின் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. டாக்டர் அவருக்கு ஒரே பிள்ளை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் மகனுக்குப் போன் செய்து, "எனக்குத் தெரியாம உங்கப்பாவுக்கு வேற ஒரு பிள்ளை இருந்தானாடா?" என்று கேட்டிருக்கிறார்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டாக்டரின் குரலைக் கேட்டேன், சிரிப்பு போய்விட்டது.

ஜூலை 20 அன்று சங்கம் நடத்தும் மூட்டுச் சிகிச்சை முகாமுக்கு நூற்று நாற்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். டாக்டர் வராவிட்டால் முகாம் இல்லை. அவர் கேட்டது இரண்டு. அந்தச் செய்தி தவறு என்று மடலில் வர வேண்டும். எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாற்காலித் தீர்மானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை ரத்து செய்யச் சொன்னது நம் ஆட்கள்தான். டாக்டர் என்று நினைத்துக் கை தூக்கினோம், அவர் டாக்டரே இல்லை, அப்புறம் என்ன தீர்மானம் என்கிறார்கள்.

எனக்கும் தலை சுற்றுகிறது. யாருக்கு எதைக் கொடுத்தோம், எதைத் திரும்ப வாங்கினோம் என்று பிடிபடவில்லை. மன்னிப்பு நாலு வரி எழுதிக் கொடு. மீதியைப் பிறகு பார்க்கலாம்.

உன் தங்கை


ஜூன் 17, செவ்வாய்

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வெட்கம். மூன்றாம் தடவை மறுபடியும் கோபம்தான்.

அவர் டாக்டர் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் கையை நன்றாகப் பார்த்தேன், நகத்தில் கிரீஸ் கறை. அதையும் அடக்கத்தோடு சேர்த்துக்கொண்ட என் புத்தியை என்ன சொல்வது. ஆனால் அவர் டாக்டர் இல்லை என்பதால் பதினேழு நாற்காலிகள் இல்லாமல் போய்விடுமா? ரத்து செய்யச் சொன்ன ஒருவராவது இதற்குப் பதில் சொன்னார்களா?

நேற்றுக் கூடத்துக்குப் போனேன். காவலரிடம் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஜூன் 4 மாலை ஆறரை மணி, கீழ்க்கூடம், அஞ்சலிக் கூட்டம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இரண்டு வாரம் முன்பே அந்த மனிதர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். மேல் கூடத்தில் மின்விசிறி ஓடாததும், நாம் நாற்பது பேர், அவர்கள் நாலைந்து பேர்தானே என்று நம்மைக் கீழே இறக்கி அவர்களை மேலே அனுப்பிவிட்டார்கள். முன்னாலேயே வந்தவர்களைக் காவலர் மேலே அனுப்பினார். பேச வேண்டியவர் வண்டியில் இருந்ததால் அவருக்குப் போன் கிடைக்கவில்லை. அவர் நேராகத் தான் எடுத்த கூடத்துக்கு வந்தார்.

புரிகிறதா? அவர் தன் இடத்தில் நின்று பேசினார். நாம்தான் அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தோம். தன் அண்ணனுக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு மனிதர் கண்ணைத் துடைத்தார். நாம் அவரை உட்கார வைத்து, விருந்தினருக்குத் தரும் சங்க முத்திரைக் கோப்பையைக் கையில் கொடுத்து, நாற்காலிகளைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். இப்போது நீ ஆள் மாறிவிட்டது என்கிறாய். எந்த ஆள் மாறினார்? மாறியது நாம்.

இன்னொன்றும் கேட்டேன். கூடம் மாறியதை டாக்டருக்கு யார் சொல்ல வேண்டும் என்று. காவலர், "நான் தலைவி அம்மாகிட்ட சொல்லிட்டேன் சார், மத்தது உங்க சங்கத்து வேலை" என்றார். விருந்தினரை அழைப்பதும் அழைத்து வருவதும் இணைச் செயலாளரின் பொறுப்பு. அதாவது மருந்துக்கடைக்காரர். வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் குறிப்பை வாசித்தவரும் அவர். மன்னிப்பை அவரிடம் வாங்கு.

நான் எழுத மாட்டேன். இந்த வாரத்து மடலும் எழுத மாட்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு தமிழ் கற்றேன். ஒரு வாரம்கூட மடலை நிறுத்தியதில்லை, என் மனைவி இறந்த வாரத்திலும். இந்த வாரம் நிறுத்துகிறேன்.

கொட்டகையைத் தேடப் போகிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 19, வியாழன்

அண்ணாவுக்கு,

நேற்றைய கூட்டத்துக்கு நீ வரவில்லை. உன் நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. இரண்டாம் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது.

விருந்தினராகத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். போன தடவை பட்ட பாட்டில், வாசலிலேயே நாலு பேர் போய் அவரை வழிமறித்து, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சீருடையில் வந்திருந்தார், அண்ணா. தோளில் தீயணைப்புத் துறை என்று எழுதியிருந்தது. "அடையாள அட்டை இருக்குங்களா?" என்று அச்சக்காரர் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கேஸ் அடுப்பைப் பற்றி நன்றாகப் பேசினார். கோப்பையை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மடலை மருந்துக்கடைக்காரர் எழுதியிருக்கிறார். முக்கால் பக்கம். அதில் 'அனைவரும் பயனடைந்தனர்' என்று மூன்று இடத்தில் வருகிறது. என்ன பயன் என்று ஒரு இடத்திலும் இல்லை. உனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், வயிறு எரியட்டும்.

உரை முடிந்ததும் நாற்காலி விஷயத்தை நானே எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். முப்பத்தொன்று என்று நீ எண்ணிய கைகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்குத் தூக்கியதாம். ஒருவர், முகாமுக்குச் சக்கர நாற்காலி வாங்கப்போகிறோம் என்று நினைத்தாராம். இன்னொருவர் டாக்டருக்கு நன்றி சொல்வதற்கு என்று நினைத்தாராம். அச்சக்காரர், "பக்கத்துல இருந்தவர் தூக்கினாரு, நானும் தூக்கினேன். அதுக்கு என்ன இப்ப?" என்றார். நாற்காலிக்காகத்தான் தூக்கினேன் என்று தெளிவாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர். நான் எதற்குத் தூக்கினேன் என்று என்னையும் கேட்டார்கள். அந்த மனிதர் அழுதார், அதனால் தூக்கினேன் என்றேன். அது காரணமா என்று கேட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் மேல் பழி போடாதே. டாக்டருக்கு யார் சொல்லவில்லை என்ற பேச்சை இப்போதைக்கு விடு. பிறகு எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார், அதை மட்டும் உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்குக் கீழ்க்கூடத்தில் மேடைக்குப் பின்னால் சங்கத்தின் பெயர் எழுதிய துணி ஆறடி நீளத்துக்குத் தொங்கியது. மைக் முன்னால் வந்து நின்ற மனிதருக்கு அது கண்ணில் படவில்லையா? படித்துவிட்டும் பேசினார் என்றால் அதற்கு என்ன பெயர்? ஏமாற்று என்கிறார் மருந்துக்கடைக்காரர். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அவரைக் கண்டுபிடித்தால் இதைக் கேள். கேட்காமல் வந்துவிடாதே. உனக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டாய்.

சாப்பிடுகிறாயா?

உன் தங்கை


ஜூன் 23, திங்கள்

தங்கைக்கு,

கொட்டகையைக் கண்டுபிடித்தேன். சைக்கிள் கடைக்குப் பின்னால், தகரக் கூரை. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறேன். அந்த மனிதர் லாரி ஓட்டுபவர். சனிக்கிழமை சரக்கு இறக்கிவிட்டு வந்தார். என்னைப் பார்த்ததும், "பேரிங் கேட்டவர்தானே?" என்றார்.

நாற்காலிகளை எண்ணினேன். பதினேழு. அவர் சொன்னதில் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் உரியவரின் பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு கட்டியிருக்கிறது. அண்ணனின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, தம்பிக்கு மட்டும்தான் படிக்க வருகிறது. மூன்று நாற்காலிகள் மின்சார மோட்டார் வைத்தவை. அவற்றில் இரண்டுக்கு நான் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி முடித்துவிட்டேன். ஆறுக்கு டயர் மட்டும் வேண்டும். நாலுக்கு வெல்டிங் வேலை. மீதி நாலுக்கு உட்காரும் துணி கிழிந்திருக்கிறது. ஒரு மாதத்தில் முடிகிற வேலை, நாலு கை இருந்தால். எனக்கு இருப்பது இரண்டு.

ஐந்தாம் நம்பர் நாற்காலி மோட்டார் வைத்தது. சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். கொட்டகையிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"நாற்காலி ரெடியாங்க?"

"ரெடி ஆயிடுச்சும்மா. ஆனா நான் அந்த மெக்கானிக் இல்ல."

"அப்ப அவரு?"

சொன்னேன். பிறகு, "நீங்க யாரு?" என்றார்.

"சங்கத்துல இருந்து."

"எந்தச் சங்கம்?"

அதற்கு நான் என்ன சொல்வது? செய்கிறோம் என்று சொல்லிவிட்டு மாட்டோம் என்று தீர்மானம் போட்ட சங்கம் என்றா? அந்தப் பெண் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் இல்லை. நாற்காலி வந்தாலும் கீழே இறங்க ஆள் வேண்டும். இரண்டு மாதமாக ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதோடு சரி.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கேட்காமல் வந்திருந்தால் என் கடிதம் இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆனால் கேட்டேன், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாசல்ல நிக்கும்போது தெரியலீங்க. எங்க அண்ணனைப் பத்திதான் சொல்றாங்கன்னு நெனச்சேன். மைக்குகிட்ட வந்து பேச ஆரம்பிச்சப்புறம் பாத்தா, தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்ல. நீங்க கால் மூட்டுன்னு கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் திரும்பிப் பின்னால துணியைப் படிச்சேன், புரிஞ்சிடுச்சு, இது நம்ம கூட்டம் இல்லன்னு. அவ்வளவு பேரு எங்க அண்ணனுக்கு வருவாங்களா, எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அவனைப் பத்தி இதுவரைக்கும் யாரும் உக்காந்து கேட்டதே இல்ல. நிறுத்த மனசு வரல."

"கடைசில நாற்காலி கேட்டது தெரிஞ்சேதானா?" என்றேன்.

"தெரிஞ்சேதான். அப்ப கேக்காம எப்பக் கேக்கறது?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். மருந்துக்கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன். தெரிந்தே கேட்டார், அதனால் நாம் கொடுத்தது செல்லாது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர் டாக்டர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, நாற்காலிகளைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை, நான் எண்ணிப் பார்த்தேன் என்று இன்னொரு பக்கம். எது சரி என்று தெரியாமலேயே மூன்றாவது மோட்டாருக்கும் காயில் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

30ஆம் தேதி மாலைக்குள் கொட்டகை காலியாக வேண்டும்.

உன் அண்ணன்

மருந்துக்கடைக்காரரின் மடலைப் படித்தேன். 'பயனடைந்தனர்' நாலு இடத்தில் வருகிறது. நீ ஒன்றை விட்டுவிட்டாய்.


ஜூன் 26, வியாழன்

அண்ணாவுக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் கடிதத்தை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன்.

தேனீ வளர்ப்பவர் ஒருவர் விருந்தினர். கண்ணாடிப் பெட்டியில் தேனீக்களோடு வந்திருந்தார், அதனால் இந்தத் தடவை யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அவர் பேசி முடித்ததும் வாசித்தேன். மருந்துக்கடைக்காரரைப் பற்றி நீ எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். லாரிக்காரர் சொன்னதை அப்படியே வாசித்தேன். மறைத்தால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உடனே சத்தம் கிளம்பியது. "பாத்தீங்களா, தெரிஞ்சேதான் பேசியிருக்கான்" என்றார் ஒருவர். "உங்க அண்ணன் செத்து, நாப்பது பேரு வாயைத் திறக்காம கேட்டா, நீங்க நிறுத்துவீங்களா?" என்று இன்னொருவர் எழுந்தார். தேனீக்காரர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர் பக்கமும் அவர் பக்கமும் பார்த்தார். கடைசியில் "எத்தனை நாற்காலி?" என்று அவர் என்னிடம் கேட்டார், பாவம்.

தீர்மானத்தை மறுபடி வோட்டுக்கு விடலாம் என்றார்கள். அடுத்த புதன், ஜூலை 2. அன்றைக்கு டாக்டரும் வருகிறார். மன்னிப்பை வாசித்தால் மட்டும் முகாமுக்கு ஒப்புக்கொள்வாராம்.

இதற்கு மேல் எழுதப்போவதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

கூடம் மாறியதை டாக்டருக்குச் சொல்ல மறந்தது நான்தான். மருந்துக்கடைக்காரர் அன்றைக்குக் காலையிலேயே என்னைக் கேட்டார், "டாக்டருக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று. நான் சொல்கிறேன் என்றேன். உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை போன் போட்டேன். முடித்ததும் பெருமையாக இருந்தது. டாக்டர் உறுப்பினர் இல்லையே, பட்டியலில் எப்படி இருப்பார்? முப்பது வருடம் வார்டில் யாருக்கும் மருந்து மாற்றிக் கொடுக்காதவள் நான்.

டாக்டர் கோபமாகப் பேசியபோது, விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்க என்ன இருக்கிறது? மருந்துக்கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். மூன்று வாரமாக எல்லோரும் அவரைக் கேட்கிறார்கள். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். நீயும் அவரைத் திட்டினாய், அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை மன்னிப்பு எழுதச் சொன்னதும் இந்தப் பயத்தில்தான். உன் தலையில் விழுந்தால் என் தலைக்கு வராது என்று.

ஒரு விஷயம். உன் கடிதத்தில் ஐந்தாம் நம்பர் பெண்ணைப் பற்றிப் படித்ததும் முகாமுக்கான பதிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர் அதில் இருக்கிறார். 'வர முடிந்தால்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. லாரிக்காரரைப் போனில் பிடித்து மற்றச் சீட்டுகளையும் படிக்கச் சொன்னேன். பதினேழு பேரில் ஆறு பேர் நம் பட்டியலில் இருக்கிறார்கள்.

இப்போது என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. சொன்னால் டாக்டர் போய்விடுவாரோ, சொல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது, வோட்டில் தோற்றால் நாற்காலி என்ன ஆகும், ஒன்றும் ஓடவில்லை. நீ சொல்.

உன் தங்கை


ஜூன் 28, சனி

தங்கைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நேரம் இல்லை. உன் வீட்டு வாசலில் உள்ள பெட்டியில் நானே போடுகிறேன். மணி அடிக்க மாட்டேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மடலின் தலைப்பைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில்லை. அச்சக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று பத்தொன்பது வருடமாக விருந்தினரின் பெயரையும் பட்டத்தையும் செவ்வாய்க்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுவேன். புதன்கிழமை கேட்பதை அதற்குக் கீழே நிரப்புவேன். அன்றைக்கு அந்த மனிதர் பேசிய ஒரு வார்த்தைகூட அந்தத் தலைப்போடு ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்று எனக்கே பட்டது. ஆனாலும் தலைப்பை மாற்றாமல் அவர் பேச்சை அதற்குள் திணித்தேன். டாக்டரின் தாயாருக்கு இன்னொரு பிள்ளையை உண்டாக்கியது அந்தத் தலைப்புதான். மருந்துக்கடைக்காரரைப் பற்றி நான் எழுதியதும் தப்பு.

சரி தப்பு எது என்று எல்லாம் எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. லாரிக்காரர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். ஆனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர்: அவருடைய மருந்து வண்டி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வர வேண்டும். மூன்று நடை போதும். நாற்காலிகள் என் கடைக்கு வரட்டும். இதை அவரிடம் நீ கேள். கேட்பதற்கு முன்னால், அவர் கடையில் ஆள் இருக்கும்போதே, மறந்தது நான்தான் என்று சொல்.

அச்சக்காரர்: பக்கத்தில் இருந்தவர் தூக்கினார் என்று கை தூக்கினார் அல்லவா. வெல்டிங் வேலை வேண்டிய நாலு நாற்காலிகளை அவருடைய மைத்துனரின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தட்டும். பக்கத்தில் இருந்தவரும் கூடப் போகட்டும். அவர் மனைவியிடம், ஆபரேஷனுக்கு முன்னால் உண்மையான டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்.

நாற்காலிக்காகவே கை தூக்கிய ஒன்பது பேர்: டயரும் உட்காரும் துணியும் அவர்கள் பொறுப்பு. யாருக்கு எந்த நம்பர் என்று தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

லாரி ஓட்டுபவர்: அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நாமும் கேட்க வைக்கக் கூடாது. புதன்கிழமை வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லட்டும். அவர் அண்ணனைப் பற்றிப் பேச விரும்பினால் பேசட்டும், மணி அடிக்காதே.

டாக்டர்: அவர் பேச வேண்டிய இருபது நிமிடத்தை நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். புதன்கிழமை பேசட்டும். முகாமுக்கு வர முடியாதவர்கள் ஆறு பேர் அவர் பட்டியலிலேயே இருக்கிறார்கள் என்று நீ தாளை எடுத்துக் காட்டு. அதைப் பார்த்த பிறகும் வர மாட்டேன் என்றால் அது அவர் இஷ்டம்.

நான்: நாளை மாலை டாக்டரின் தாயார் வீட்டுக்குப் போகிறேன். அந்த அம்மாளிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன். மடலில் மன்னிப்பு என்ற வார்த்தை வராது. கூடம் மாறியது, ஆள் மாறியது, தலைப்பு மாறாதது எல்லாம் நடந்தது நடந்தபடி வரும், என் பெயரோடு. இனித் தலைப்பைக் கடைசியில்தான் எழுதுவேன். அச்சக்காரர் காத்திருக்கட்டும்.

நீ: புதன்கிழமை, டாக்டர் பேசுவதற்கு முன்னால், அவருக்குச் சொல்ல மறந்தது நீதான் என்று மைக்கில் சொல். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வோட்டெடுப்பு வேண்டாம். அதை ஜூன் 4 அன்றே எடுத்தாகிவிட்டது. அப்புறம் இன்னொன்று. ஐந்தாம் நம்பர் நாற்காலி முழுதாகத் தயார். நாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணைக் கீழே இறக்குவதாகச் சொல்லிவிட்டேன். லாரிக்காரர் வருகிறார், கூட ஒருவரை அழைத்து வருகிறார். நோயாளியை வலிக்காமல் தூக்கும் விதம் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குத்தான் தெரியும். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. நீ மேலே போய் அவர்களுக்கு எப்படிப் பிடிப்பது என்று காட்டு. நான் தெருவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீ உட்கார வை, நான் பிரேக்கை எடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன்